மடிப்புப் பிடங்கு ரைபிளைத் தேர்ந்தெடுத்தல்

ரைபிளைச் சுடும்போது தோளில் அழுந்தி நிற்கும் பின்பகுதிக்குப் பிடங்கு என்று பெயர். இதைக் கீல் வைத்து மடிக்கும்படி அமைத்த ரைபிளே மடிப்புப் பிடங்கு ரைபிள் ஆகும். அரைத் தானியங்கி என்பது, விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டும் வெடித்து, அடுத்த தோட்டா தானாக அறைக்குள் ஏறும் இயக்கத்தைக் குறிக்கும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இவ்வகை ரைபிள்களைப் பொதுமக்கள் சட்டப்படி வாங்கலாம். அங்கு மலிவு விலையில் கிடைப்பவற்றில் கலாஷ்னிகோவ் அமைப்பைச் சேர்ந்தவை முக்கியமானவை. குறைந்த செலவில் வாங்குவோர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

மடிப்புப் பிடங்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பரவலானது. ஜெர்மனியின் எம்பி 38, எம்பி 40 ஆகிய துணை இயந்திரத் துப்பாக்கிகளில் அடிப்பக்கமாக மடியும் உலோகப் பிடங்கு இருந்தது. அமெரிக்கா 1942இல் வான்குடை வீரர்களுக்காக எம்1ஏ1 கார்பைனை ஏற்றது. இதன் நீளம் ஏறக்குறைய 90 செ.மீ.; மடித்தால் 65 செ.மீ. அளவுக்குச் சுருங்கும். சோவியத் நாட்டின் ஏகேஎஸ்-47 ரைபிளும் எம்பி 40ஐப் போல அடிப்பக்கமாக மடியும் பிடங்கைப் பெற்றது. பின்னர் வந்த ஏகேஎஸ்-74இல் இடப்பக்கமாக மடியும் முக்கோணப் பிடங்கு பொருத்தப்பட்டது. விமானத்திலும் கவச வாகனத்திலும் இடம் குறைவு என்பதே இவை எல்லாவற்றுக்கும் காரணம். மடிப்பதால் சுடும் திறன் கூடுவதில்லை. எடுத்துச் செல்வதும் வைப்பதும்தான் எளிதாகின்றன.

எல்லா ரைபிளும் ஏன் மடிவதில்லை?

அமெரிக்காவில் பெருமளவில் விற்கும் ஏஆர்-15 வகையில், பின்னுதைப்பைத் தாங்கும் சுருள்வில் பிடங்குக்குள் செல்லும் ஒரு குழாயில் இருக்கிறது. சுடும்போது போல்ட்டைத் தாங்கிய பகுதி அந்தக் குழாய்க்குள் பின்னோக்கி ஓடும். எனவே அதை அப்படியே மடிக்க முடியாது. இடையில் கீல் வைத்த இணைப்பைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். ஆனால் வழக்கமான ஏஆர்-15இல் அவ்வாறு மடித்த நிலையில் சுடக் கூடாது. இது கூடுதல் செலவும் ஆகும்.

கலாஷ்னிகோவ் அமைப்பில் சுருள்வில் உடற்கூட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 1960களில் வந்த ஏஆர்-18இலும் அப்படியே. ஆகவே இவற்றில் பிடங்கு எப்பக்கம் மடிந்தாலும் இயக்கம் தடைப்படுவதில்லை. மலிவான மடிப்பு ரைபிள் தேடுவோர் கலாஷ்னிகோவ் வகையை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மடிப்பு வகைகள்

அடிமடிப்பு: இரு எஃகுப் பட்டைகள் உடற்கூட்டின் இருபுறமும் கீழாகச் சுழன்று முன்னால் போய்ப் படியும். மடித்தபின் பக்கவாட்டில் எதுவும் துருத்திக்கொண்டிருக்காது. ஆனால் கன்னம் வைக்கும் இடம் மெல்லிய உலோகமாக இருப்பதால் நீண்ட நேரம் சுடுவதற்கு வசதி குறைவு. சுழலும் அச்சு தேய்ந்தால் பிடங்கு ஆடத் தொடங்கும். உடற்கூட்டின் பின்பகுதி இதற்கென்றே தனியாக அமைக்கப்படுவதால், பின்னாளில் சாதாரணப் பிடங்குக்கு மாறுவதும் எளிதன்று.

பக்கமடிப்பு: ஒரே கீலில் இடப்பக்கமோ வலப்பக்கமோ மடியும். தோளில் பொதுவாக உறுதியாக நிற்கும். கலாஷ்னிகோவ் வகையில் தொலைநோக்கி பொருத்தும் தண்டு இடப்பக்கம் இருக்கும். அதில் தொலைநோக்கி இருந்தால் இடப்பக்கமாக மடியும் பிடங்கு முழுமையாகப் படியாமல் போகலாம். போல்ட் கைப்பிடியும் பாதுகாப்பு நெம்புகோலும் வலப்பக்கம் உள்ளன. எனவே வலப்பக்கமாக மடியும் பிடங்கு அவற்றை மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பணம் எதற்குச் செலவாக வேண்டும்?

பிடங்கு, கைப்பிடி, முன்கட்டை ஆகியவற்றைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். குழலையும் அதைத் தாங்கும் பகுதியையும் வீட்டில் மாற்ற முடியாது. மாற்ற முடியாதவற்றில் தரம் இருக்க வேண்டும் என்பதே குறைந்த செலவில் வாங்குவோருக்கான அடிப்படை விதி.

குழலை உடற்கூட்டோடு பிணைக்கும் எஃகுத் துண்டு டிரன்னியன் எனப்படும். ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தத்தையும் போல்ட்டோடு சேர்ந்து இதுவே தாங்குகிறது. காய்ச்சி அடித்து உருவாக்கிய டிரன்னியனே நம்பத்தக்கது. செலவைக் குறைக்க வார்ப்பு முறையில் செய்தவை சில ரைபிள்களில் விரைவாகத் தேய்ந்தும் விரிசல் விட்டும் போயுள்ளன. அப்போது தோட்டாவின் பித்தளை அல்லது எஃகு உறை அறைக்குள்ளேயே கிழிந்து, சுடுபவரின் முகத்துக்கு அருகில் சூடான வாயு வெளியேறும். வெளியே பளபளப்பாக இருக்கும் ரைபிளிலும் இந்தக் குறை மறைந்திருக்கலாம்.

உடற்கூடு இருவகைப்படும். எஃகுக் கட்டியைக் குடைந்து செய்வது கனமானது, விலையும் அதிகம். எஃகுத் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்வது மலிவானது. 1959இல் வந்த ஏகேஎம் ரைபிளின் உடற்கூடு 1 மி.மீ. தகட்டால் ஆனது. தகடு என்பதாலேயே அது தாழ்ந்ததன்று. ரிவெட்டுகள் ஒழுங்காக அடிக்கப்பட்டிருந்தால் நீண்ட காலம் உழைக்கும். ருமேனியாவில் செய்யப்படும் டபிள்யூஏஎஸ்ஆர்-10 இந்த 1 மி.மீ. வகையைச் சேர்ந்தது. செர்பியாவின் இசட்பிஏபி எம்70இல் 1.5 மி.மீ. தகடு உள்ளது. அதனால் உறுதியும் கூடுகிறது, எடையும் கூடுகிறது. பல்கேரிய மரபைச் சேர்ந்த குடைந்தெடுத்த உடற்கூடு கொண்ட மடிப்பு ரைபிள்கள் இவற்றைவிட விலை மிகுந்தவை.

குழலின் உட்புறம் குரோமியம் பூசப்பட்டிருந்தால் துரு எளிதில் பிடிக்காது. பழைய இராணுவத் தோட்டாக்கள் சிலவற்றின் பற்றவைப்புக் கலவை, சுட்டபின் உப்புப் படிவை விட்டுச்செல்லும். இவற்றைப் பயன்படுத்துவோருக்குக் குரோமியப் பூச்சு பெரும் பாதுகாப்பு. பூச்சு இருந்தாலும் சுட்டவுடன் துடைத்து எண்ணெயிடும் பழக்கம் தேவை.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

முதலில் மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் இழுத்து, அறை காலியாக உள்ளதைக் கண்ணால் காண வேண்டும். அதன்பின் பார்க்க வேண்டியவை:

1. பிடங்கை விரித்துப் பூட்டியபின் மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பார்க்க வேண்டும். சிறு அசைவு இயல்பு. கொண்டி தானாக விடுபட்டால் அந்த ரைபிளை வாங்கக் கூடாது.
2. மடித்த நிலையிலும் பிடங்கு பூட்டப்பட்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.
3. பின்னாலிருந்து நோக்கும்போது முன்குறி முள் நேராக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் குறியைச் சரிசெய்ய இடம் போதாமல் போகலாம்.
4. ரிவெட்டுகளின் தலைகள் சீராக இருக்க வேண்டும். சுற்றிலும் விரிசலோ இடைவெளியோ கூடாது.
5. மேகசின் எளிதாக உள்ளே சென்று பூட்டிக்கொள்ள வேண்டும். இலேசான ஆட்டம் குறையன்று.
6. பயன்படுத்திய ரைபிள் என்றால் டிரன்னியனிலும் போல்ட்டிலும் ஒன்றையொன்று பற்றும் முகப்புகளில் பள்ளமோ நசுங்கலோ உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

போல்ட்டின் முகத்திலிருந்து தோட்டாவைத் தாங்கி நிறுத்தும் அறைப்பகுதி வரை உள்ள நீளமும் சரியாக இருக்க வேண்டும். இதைக் கண்ணால் அறிய முடியாது. துப்பாக்கித் தொழிலாளர் அளவுக்கட்டைகளைக் கொண்டு சோதிப்பார். பயன்படுத்திய ரைபிளை வாங்குவோர் இந்தச் சோதனைக்கான கட்டணத்தை வீண்செலவாகக் கருதக் கூடாது.

சட்டம்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலோ 26 அங்குலத்துக்குக் குறைந்த மொத்த நீளமோ உள்ள ரைபிள், 1934ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலன் சட்டத்தின்கீழ்ப் பதிவுக்கு உட்பட்டது. இந்த மொத்த நீளம் பிடங்கை விரித்த நிலையில் அளக்கப்படுகிறது. கலிபோர்னியாவிலோ மையவெடி அரைத் தானியங்கி ரைபிள் மிகக் குறுகிய நிலையில் 30 அங்குலமேனும் இருக்க வேண்டும்.

1994ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தடைச்சட்டம் மடிப்புப் பிடங்கையும் தடைக்குரிய கூறுகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. அச்சட்டம் 2004இல் காலாவதியானது. ஆயினும் கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள், கழற்றக்கூடிய மேகசின் கொண்ட அரைத் தானியங்கி ரைபிள்களில் மடிப்புப் பிடங்கைத் தடுக்கின்றன. எனவே விலையைக் கேட்குமுன் தம் மாநிலச் சட்டத்தைப் படிப்பது வாங்குவோரின் கடமை.

சாதாரணப் பிடங்கு ரைபிளை வாங்கிப் பின்னர் மடிப்புப் பிடங்கு பொருத்த நினைப்போர் இன்னொன்றையும் அறிய வேண்டும். இறக்குமதி ரைபிள்களை மாற்றியமைப்பதில், பட்டியலிட்ட 20 உறுப்பு வகைகளில் 10க்கு மேல் வெளிநாட்டுத் தயாரிப்பாக இருக்கக் கூடாது என்ற விதி உண்டு. பின்பக்க டிரன்னியனை மாற்ற வேண்டிவந்தால் ரிவெட்டுகளை அகற்றும் வேலையும் சேரும். தொடக்கத்திலேயே மடிப்புப் பிடங்குடன் வாங்குவதைவிட இது அதிகச் செலவாகலாம்.

முழுச் செலவு

விலைச்சீட்டில் உள்ள தொகை முழுச் செலவு ஆகாது. மேகசின்கள், தோட்டாக்கள், தோள்வார், பயிற்சிக் கட்டணம், பூட்டும் பெட்டகம் ஆகியவற்றையும் கணக்கிட வேண்டும். கையிலுள்ள பணம் முழுவதையும் ரைபிளுக்கே கொடுத்தவர், பயிற்சிக்கும் பெட்டகத்துக்கும் பணமின்றி நிற்பார். மடிக்கும் வசதி உண்மையில் தேவையா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இடநெருக்கடி இல்லாதவருக்கு, அதே விலையில் நல்ல குழலும் உறுதியான சாதாரணப் பிடங்கும் கொண்ட ரைபிளே சிறந்த தேர்வு.

மடிப்பு ரைபிள் சிறிய பெட்டகத்திலும் அடங்கும் என்பது ஒரு நன்மை. அதே காரணத்தால் ஒரு பையில் போட்டுத் திருடிச் செல்வதும், குழந்தைகள் எடுத்துக் கையாள்வதும் எளிது. ஆகையால் தோட்டா அகற்றி, பூட்டிய பெட்டகத்தில் வைத்து, தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டி வைப்பது இன்றியமையாதது. பெட்டகம் வாங்க வழியில்லாதபோது ரைபிள் வாங்குவதைத் தள்ளிப்போடுவதே முறை.