கம்பி அறுகிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா?

திருவண்ணாமலையில் எங்கே நின்றாலும் மலை தெரியும். ஊரை ஒட்டிய ஓர் இன்ஜினியரிங் கல்லூரியின் மெக்கானிக்கல் லேப் ஜன்னலிலும் அதே மலைதான். ஆனால் நான் எட்டிப் பார்த்த நேரத்தில் உள்ளே யாருக்கும் மலை ஞாபகமே இல்லை. காக்கிச் சட்டைப் பட்டாளம் ஒன்று ஒரே ஒரு கம்பியைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது!

12 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் கம்பி. அதன் இரண்டு முனைகளையும் கவ்வி இழுக்கிறது 'யுடிஎம்' என்ற சோதனை இயந்திரம். மூன்று டன் பக்கம் போனதும் சுமை காட்டும் முள் தயங்குகிறது. "ஈல்ட் ஆயிடுச்சுடா!" என்கிறது ஒரு குரல்; கம்பி விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முள் மறுபடி ஏறுகிறது. நாலரை டன்னைத் தாண்டியதும் கம்பிக்கு நடுவில் இடுப்பு சிறுக்கிறது. சுமை இறங்குகிறது, கம்பியோ நீண்டுகொண்டே போகிறது... படார்! நானும் சேர்ந்து கத்திவிட்டேன்.

"தொட்டுப் பாருங்க சார்" என்றார் லேப் அண்ணா. அறுந்த இடம் சுடுகிறது! ஒரு துண்டின் முனை குட்டிக் கிண்ணம்; மற்றதன் முனை அந்தக் கிண்ணத்தில் கச்சிதமாக உட்காரும் கூம்பு. இழுத்த சக்தியில் பெரும்பகுதி சூடாக மாறி என் விரலில் இருந்தது.

பக்கத்து ஷெட்டில் முதல் வருடப் பிள்ளைகள் 'வீ ஃபிட்டிங்' போடுகிறார்கள். இரண்டு இரும்புத் தகடுகளை அரத்தால் ராவி, ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் மறுபடியும் அரம்! உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ஆனாலும் "நாங்க ராயல் மெக்" என்று நிமிர்கிற அழகு இருக்கிறதே! இன்று கிண்டியில் இருக்கும் இன்ஜினியரிங் கல்லூரியில் 1894-ல் இந்தப் படிப்பு தொடங்கியபோதும் ராவிய கைகள் இப்படித்தான் எரிந்திருக்கும்.

பி.இ.யின் எட்டு செமஸ்டரும் 'எப்போது உடையும்?' என்று கேட்கவைத்தால், எம்.இ.யின் நாலு செமஸ்டரும் 'ஏன் அங்கே உடைகிறது?' என்று குடைய வைக்கின்றன.

எம்.இ. மாணவி ஒருவரின் திரையில் ஓர் இரும்புத் தாங்கி வலைவலையாகப் பிரிந்து கிடந்தது. உள்மூலை மட்டும் செக்கச் சிவப்பு; தகைவு (ஸ்ட்ரெஸ்) அங்கேதான் உச்சம். வலையை இன்னும் பொடியாக்கினார். சிவப்பின் எண் ஏறியது. மேலும் பொடியாக்கினார், மேலும் ஏறியது. "கூர்மூலையில இதுக்கு முடிவே கிடையாது சார். இப்பப் பாருங்க." மூலையைக் கொஞ்சம் வளைவாக்கினார். எண் ஓரிடத்தில் நின்றது, சிவப்பு மஞ்சளானது. கைதட்டாமல் எப்படி இருப்பது!

"இதெல்லாம் எங்கே பிடித்தது உங்களுக்கு?" என்றேன்.

"அம்மன் தேர்ல" என்றார் சட்டென்று. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாடவீதி சுற்றும். பராசக்தி அம்மன் தேருக்குப் பெண்கள்தான் வடம் பிடிப்பார்கள். "முதல் இழுப்புக்குத் தேர் அசையவே அசையாது. அசைஞ்சிட்டா அப்புறம் லேசு. ஏன்னு அம்மாவுக்குச் சொல்லத் தெரியல. ஃபர்ஸ்ட் இயர்ல உராய்வு பாடம் நடத்தினப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

வீதி முனையில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முந்தும், தேர் திரும்பும். எந்தப் பாடப்புத்தகமும் இல்லாத காலத்திலேயே நம் ஊர்க்காரர்கள் கையில் இருந்த வித்தை அது! திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல். தேரும் மெக்கானிக்கலும் ஒரே குடும்பம்தான்.

"இப்பவும் வடம் பிடிக்கிறீங்களா?"

"வருஷா வருஷம். அம்மனைக் கும்பிட்டதும் குனிஞ்சு ஒரு தடவை அச்சைப் பார்த்துக்குவேன் சார்."