மேற்கோளின் முதல் வரி

புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுவது என் தொழில். கட்டுரைத் தொகுப்பு கைக்கு வந்தால் நான் முதலில் தேடிப் பார்ப்பது நீண்ட மேற்கோள்களைத்தான். பக்கத்தின் ஒழுங்கு பெரும்பாலும் அங்கேதான் குலையும்.

நீண்ட மேற்கோளை மேற்கோள்குறிக்குள் அடைக்காமல், ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளித் தனியாக அமைப்பது வழக்கம். சிகாகோ நடைக் கையேடு 100 சொல்லோ அதற்கு மேலோ இருந்தால் தனியாக்கச் சொல்கிறது. ஏபிஏ நடைக் கையேடு 40 சொல்லுக்கே. எந்தக் கணக்கானாலும் சரி. அதன் முதல் வரி எங்கே தொடங்குகிறது என்பதில்தான் எனக்கு அக்கறை.

முதல் வரியில் விடும் இடம், ‘இங்கே புதுப் பத்தி’ என்று வாசகருக்குச் சொல்கிறது. மூலநூலில் ஒரு பத்தியின் நடுவிலிருந்து எடுத்த வரிகளுக்கும் அந்த இடத்தை விட்டால், மூல ஆசிரியர் அங்கேதான் பேச்சைத் தொடங்கினார் என்றாகிவிடும். அது பொய். மேற்கோள் முடிந்து, கட்டுரையாளரின் அதே வாக்கியம் தொடரும்போதும் இடம் விடக்கூடாது. எண்டர் தட்டியதும் மென்பொருள் தானாகவே தள்ளிவிடும்; அச்சான புத்தகங்களில் இந்தத் தவறை நிறையப் பார்க்கிறேன்.

பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் இதற்கென்று மூன்று பத்தி ஸ்டைல் வைத்திருக்கிறேன்: முதல் வரி தள்ளாத மேற்கோள், முதல் வரி தள்ளிய மேற்கோள், மேற்கோளுக்குப் பின் தொடரும் வரி. ஓர் அளவை மாற்றினால் புத்தகம் முழுக்க மாறும். ஸ்பேஸ் தட்டித் தள்ளினால், எழுத்தளவை மாற்றும்போது எல்லாம் கலையும். மின்னூலில் அடுத்தடுத்த ஸ்பேஸ்கள் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

லேடெக்ஸ் என்ற அச்சமைப்பு மென்பொருளில் மேற்கோளுக்கு இரண்டு அமைப்புகள் உண்டு. ‘கோட்’ முதல் வரியைத் தள்ளாது, பத்திகளுக்கிடையே வெளி விடும். ‘கொட்டேஷன்’ எல்லாப் பத்திகளின் முதல் வரியையும் தள்ளும். அதன் முதல் பத்தியில், தள்ளாதே என்று சொல்லும் ‘நோஇன்டென்ட்’ கட்டளையைப் போட்டும் பலனிருக்காது. அந்த முதல் வரி இடைவெளி ‘ஐட்டம்இன்டென்ட்’ என்ற அளவிலிருந்து வருகிறது. அதைப் பூஜ்யமாக்கிப் புதிதாக ஓர் அமைப்பை எழுதிக்கொள்ள வேண்டும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கல். நம் சொற்கள் நீளமானவை. டெமி அளவுப் புத்தகத்தில் இருபுறமும் அரை அங்குலம் உள்ளே தள்ளினால், வரியில் மூன்று நான்கு சொல்தான் நிற்கும், நடுவே பள்ளம் பள்ளமாக வெள்ளை விழும். நான் இடப்பக்கம் மட்டும் கால் அங்குலம் தள்ளுகிறேன். போதும்.

எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேற்கோள், மூலத்தில் பத்தியின் தொடக்கமா நடுவா என்று கோப்பிலேயே குறித்து அனுப்புங்கள். மூலநூல் எங்கள் மேசையில் இருப்பதில்லை.