முன்பணம் கொடுக்குமுன்

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று இலங்கை அறிவித்தது. அந்த ஒரே ஆண்டில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி நாட்டை விட்டுப் போனார்கள். குருக்கள்மடம் போன்ற மட்டக்களப்பு எழுவான்கரை ஊர்களில் இந்தப் பயணம் பெரும்பாலும் அம்மாவின் காப்பு அடகுக்கு வைக்கப்படும் நாளில் தொடங்குகிறது. விசாரிக்க வேண்டியது அதற்கு முதல்நாள்.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ‘எங்கட ஆள்தான், பயப்படாதீங்க தம்பி’ என்று வீட்டுக்கு வருபவருக்கும் இது பொருந்தும். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருந்தால் மட்டும் போதாது. அந்த நாட்டில் அந்த வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகம் அனுமதித்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. பலர் முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம்.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். பணியகத்தில் பதியாமல் போனால் காப்புறுதி இல்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடி இணைய மோசடி முகாம்களில் சிக்கியது நடந்த கதை.

காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வட்ஸ்அப் குரல்பதிவுகளை அழிக்காதீர்கள். ஏமாந்தால் பணியகத்திலும் பொலிஸிலும் முறையிடும்போது அவைதான் பேசும். வெட்கப்பட்டு மறைப்பது ஏமாற்றியவருக்கே உதவி.

போகத்தான் வேண்டுமா என்பதும் கேள்விதான். மாமாவோடு மேசன் வேலையோ வயரிங்கோ பழகியவர், படிப்புக்குப் போகாமலே, தெரிந்த வேலையைச் செய்து காட்டி தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ) சான்றிதழ் பெறலாம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை இந்த மதிப்பீட்டைச் செய்கிறது. இந்த வழி இருப்பதை இளைஞர்களிடம் யாரும் போய்ச் சொல்வதில்லை என்பது என் கோபம்.

2014இல் தேசிய இளைஞர் கொள்கை வந்தது. அது நம் ஊருக்கு என்ன கொண்டுவந்தது என்பதை நாமே கேட்டறியலாம். நம் பிரதேச செயலகப் பிரிவில் இவ்வருடம் இளைஞர் பயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், யார் பயன்பெற்றார்கள் என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி களுவாஞ்சிகுடியில் உள்ள பிரதேச செயலகத்திடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். விண்ணப்பிக்கக் கட்டணமில்லை; காரணமும் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ முதலில் அங்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.