'ஏய் சைனீஸ்!'னு யாராவது கத்தும்போது நீங்க என்ன செய்வீங்க?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் ஒரு மோமோஸ் கடை. கடையில் நின்றது வடகிழக்கு மாநிலத்துப் பொண்ணு. இருபது வயசு இருக்கலாம். பைக்கில் வந்த நாலு பசங்க, "ஏய் சைனீஸ்... இது நாய்க்கறியா?" என்று ஆரம்பித்தார்கள். அந்தப் பொண்ணு தலையைக் குனிந்துகொண்டது. சுற்றிப் பத்துப் பேர் நின்றோம். நான் உட்பட எல்லோரும் போனைப் பார்த்தோம்.

அப்போது காய்கறிப் பையோடு ஓர் அம்மா வந்தார். பசங்க பக்கம் திரும்பவே இல்லை. நேரா அந்தப் பொண்ணுகிட்ட போய், "கண்ணு, ரெண்டு பிளேட் பார்சல் போடு. இந்தச் சட்னியை எப்படி அரைக்கிறே?" என்று பேச்சை வளர்த்தார். பசங்க கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பைக்கைக் கிளப்பினார்கள்.

சும்மா கிண்டல்தானே?

2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரிலும் கிண்டலில்தான் தொடங்கியது. அருணாச்சலப் பிரதேச மாணவர் நிடோ டானியாவின் தலைமுடியைக் கடையில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். தகராறாகி அவரை அடித்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார்.

வெளிநாட்டில் நம்ம ஆட்களும் இதே இடத்தில் நிற்கிறார்கள். 2017 பிப்ரவரி 22, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம், ஒலேத்தா என்ற ஊர். ஹைதராபாத்காரரான ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லாவையும் நண்பர் அலோக் மதசானியையும் ஒரு பாரில் ஒருவன் இனத்தைச் சொல்லித் திட்டினான். அங்கிருந்தவர்கள் அவர்களுக்காகப் பேசி, அவனை வெளியே அனுப்பினார்கள். துப்பாக்கியோடு திரும்பி வந்து சுட்டான். ஸ்ரீனிவாஸ் இறந்தார். சுட்டவனைத் துரத்திய 24 வயது இயான் கிரில்லட்டுக்கு கையிலும் நெஞ்சிலும் குண்டு. அவர் பிழைத்ததும், வீடு வாங்க ஹூஸ்டன் இந்தியர்கள் ஒரு லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள்.

நம்மில் ஒருத்தருக்காக நின்றவரை நாம் கொண்டாடினோம். நம்ம தெருவில் அப்படி நிற்கிறோமா? குண்டடி படச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை. சின்னச் சின்னதா ஐந்து வழிகள் இருக்கு.

1. பேச்சை மாத்துங்க: அந்த அம்மா செய்தது இதுதான். திட்டுபவரைக் கண்டுக்காம, பாதிக்கப்பட்டவரிடம் வழி கேளுங்க, விலை கேளுங்க.

2. ஆள் சேருங்க: கடைக்காரர், கண்டக்டர், பக்கத்தில் நிற்கும் பெரியவர் என்று யாரையாவது கூப்பிடுங்க. கைகலப்பாகும் போலத் தெரிந்தால் 112. ரயிலில் 139.

3. பதிவு செய்யுங்க: வேறு யாராவது உதவிக்கு இருந்தால் மட்டும் வீடியோ எடுங்க. அதைப் பாதிக்கப்பட்டவரிடம் கொடுங்க. ஸ்டேட்டஸில் போடுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. 2023 மார்ச்சில், 'தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் மீது தாக்குதல்' என்று சம்பந்தமே இல்லாத வீடியோக்கள் பரவின. பொய் என்று தமிழ்நாடு போலீஸ் விளக்குவதற்குள் எத்தனையோ தொழிலாளர்கள் பயந்துபோனார்கள்.

4. நேரா சொல்லுங்க: ஆபத்தில்லை என்று தோன்றினால் மட்டும். "தம்பி, போதும். விடுங்க" என்ற அளவு போதும். பதிலுக்குப் பதில் வாக்குவாதம் வேண்டாம்.

5. அப்புறமாவது கேளுங்க: அந்த நேரத்தில் வாய் வரலையா? முடிந்த பிறகு போய்ப் பேசுங்க.

நான் இந்த ஐந்தாவதைத்தான் செய்தேன், அதுவும் மறுநாள். "நேத்து நானும் அங்கதான் நின்னேன். எதுவும் பேசலை, ஸாரி" என்றேன். "டெய்லி நடக்குது அக்கா. வந்து கேட்டது நீங்கதான் ஃபர்ஸ்ட்" என்று அரைகுறைத் தமிழில் சிரித்தது அந்தப் பொண்ணு. எனக்குச் சிரிப்பு வரலை.

தெரிஞ்சவங்கதான் கஷ்டம்

சேலம் பெரிய ஊர்தான். ஆனா ஏரியா என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கிண்டல் செய்பவர் உங்க கிளாஸ்மேட்டா, சித்தப்பாவா, தினமும் டீ குடிக்கும் கடையின் ஓனரா இருப்பார். 'எதுக்கு வம்பு?' என்று தோன்றும். ஆனால், முகம் தெரியாதவர் சொன்னால் சண்டைக்கு வருபவர், நீங்க தனியா கூப்பிட்டு "மச்சி, அது நல்லா இல்லடா" என்றால் கொஞ்சமாவது யோசிப்பார். அந்த நாலு பசங்களுக்கும் ஏரியாவில் ஃபிரெண்ட்ஸ் இருப்பார்கள். இதைப் படிக்கிற நீங்களாகவும் இருக்கலாம்.