குருவின் தியானமும் கணினியின் வீழ்ச்சியும்

குற்றம் வெளிப்பட்ட இடத்தையே குற்றம் பிறந்த இடமெனக் கொள்வது மக்கள் இயல்பு. கூச்சல் கேட்டு ஆசிரியர் வகுப்பினுள் நுழையும்போது, எழுந்து நிற்கும் மாணவனே அவர் கண்ணிற் படுவான். அவனைத் தள்ளி எழுப்பியவனோ புத்தகத்தை விரித்து அமைதியாக வீற்றிருப்பான். ஆசிரியப் பணியிலுள்ள நாமும் இவ்வாறு அவசரத்திலே தீர்ப்பளித்துப் பின்னர் வருந்தியதுண்டு. பழைய கணினி ஒன்றின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது. கணினிக் கல்வி பயிலாத அன்பர்களும் விளங்கிக்கொள்ளுமாறு அதனை ஈண்டு எடுத்துரைப்போம்.

1985 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நியூயோர்க் நகரிலே கொமடோர் நிறுவனத்தார் அமீகா என்னும் கணினியை அறிமுகஞ் செய்தனர். அக்காலத்து வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் ஒரு வேளையில் ஒரு பணியையே செய்தன. அமீகாவோ பல பணிகளை ஒருங்கே ஆற்றியது. உண்மையில் அதன் மையச் செயலி ஒன்றே. மொற்றரோலா 68000 என்பது அதன் பெயர். கார்ல் சாசென்ராத் என்பார் ஆக்கிய 'எக்செக்' என்னும் மென்பொருள், அச்செயலியின் நேரத்தைச் சிறு சிறு கூறுகளாக்கிப் பணிகளுக்கிடையே முறைவைத்துப் பங்கிட்டது. 256 கிலோபைற்று நினைவகத்துடன் வெளிவந்த பொறி இதனைச் செய்தமை வியத்தற்குரியது.

ஆயினும் பெருங்குறையொன்று இருந்தது. பணிகள் யாவும் ஒரே நினைவகத்திலே, தடுப்பின்றி வாழ்ந்தன. வேலியில்லா வளவுகளிலே பலர் குடியிருந்தாற் போன்றது அந்நிலை. மேலும், ஒரு பணி மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பும்போது அதனைப் படியெடுத்துக் கொடுப்பதில்லை. செய்தி இருக்கும் இடத்தின் முகவரியை மாத்திரமே கொடுக்கும். இதனால் வேகம் மிகுந்தது, ஆபத்தும் மிகுந்தது.

1990களில் இக்கணினிகளை இணையத்துடன் தொடுத்தபோது அவ்வாபத்து நன்கு புலப்பட்டது. மொடெத்தை இயக்கும் மென்பொருள், தரவைப் பொதிகளாக்கும் மென்பொருள், நாம் கண்ணாற் காணும் மென்பொருள் ஆகிய மூன்றும் ஒருங்கே இயங்கவேண்டியிருந்தன. இவற்றுள் இரண்டாம் வகைக்கு, பின்லாந்தின் எல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்திற் பிறந்த அமி ரி.சி.பி. தக்க எடுத்துக்காட்டாகும். பொதி எக்கணத்தில் வருமென எவரும் அறியார். அதனைப் பெற்ற பணி வாசித்து முடிக்குமுன்னரே, அனுப்பிய பணி அவ்விடத்தை விடுவித்தால், வேறொரு பணி அங்கே குடிபுகும். பின்னர் ஒன்றன் எழுத்தை மற்றொன்று அழிக்கும். இன்னொரு காரணமுமுண்டு. ஒரு பணி தன் இடைக்காலக் குறிப்புகளை அடுக்கிவைக்கும் இடம் வழக்கமாக 4,096 பைற்றுகளே. யுனிக்ஸ் கணினிகளுக்கென எழுதி இங்கே கொணரப்பட்ட மென்பொருள்களுக்கு அது போதாது. அடுக்கு நிரம்பி அயல் நிலத்திற் சரியும்.

அப்பொழுது திரை கறுத்து, சிவந்த கட்டமொன்று மினுங்கும். 'குருவின் தியானம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களும் இரண்டு எண்களும் அதிலே தோன்றும். அமீகாவை ஆக்கியோர் முன்னர் ஏறி நின்று ஆடும் விளையாட்டுப் பலகையொன்றைச் செய்தவர்கள். அதன்மீது அசையாது அமர்ந்திருக்க முயன்றதால் இப்பெயர் எழுந்ததென்பர். முதலெண் வழுவின் வகையைக் கூறும். இரண்டாவது பெரும்பாலும் அப்போதிருந்த பணியைக் குறிக்கும். 81000005 எனத் தோன்றின், வெற்றிடங்களைக் குறித்துவைக்கும் கணக்கேடு சிதைந்துவிட்டதென்பது பொருள். ஆனால், ஏட்டைச் சிதைத்த பணி எப்போதோ தன் வேலையை முடித்திருக்கலாம். தன் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த அப்பாவிப் பணியே அகப்பட்டு நிற்கும்.

ஆதலின் அனுபவசாலிகள் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டனர். முதலில், எண்களைத் தாளிற் குறித்தனர். அடுத்து, தொடக்கத்திலே தாமாக இயங்கும் துணை மென்பொருள்களை நிறுத்திவிட்டுக் கணினியைத் தொடக்கினர். பின்னர் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதனுடன் வழு மீள்கின்றதெனப் பார்த்தனர். ஒரே வேளையில் இரண்டை மாற்றின், காரணம் எதுவென அறிதல் இயலாது. மூன்றாவதாக, குறிப்படுக்குக்குரிய இடத்தைப் பெருக்கிப் பார்த்தனர். இவற்றாலும் தீராவிடின் காவல் மென்பொருள்களை நாடினர். 'மங்வோல்' என்பது விடுவிக்கப்பட்ட இடத்தைப் பொருளற்ற எண்ணால் நிரப்பும். பழைய இடத்தை இன்னும் நம்பியிருக்கும் பணி உடனே தடுமாறித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். 'என்ஃபோர்சர்' என்பது தகாத முகவரியைத் தொடும் பணியை அக்கணமே அறிவிக்கும். ஆயின் இதற்கு நினைவகக் காப்புடைய பிற்காலச் செயலி வேண்டும். 68000 இல் அது இல்லை.

கொமடோர் நிறுவனம் 1994 இல் முறிவுற்றது. இன்றைய கணினிகளில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி வேலியுண்டு. ஒன்று விழினும் ஏனையவை பெரும்பாலும் நிலைக்கும். எனினும், வேலிக்குள்ளே அதே வழுக்கள் இன்றும் பிறக்கின்றன. அவற்றைத் தேடும் முறையும் அதுவே. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயை மாத்திரமன்றி அதன் மூலத்தையும் நாடுமாறு மருத்துவனைப் பணிக்கின்றது. கணினியைத் திருத்தும் மாணவர்க்கும், மாணவரைத் திருத்தும் எமக்கும் அவ்விதி பொருந்தும். விழுந்து கிடப்பவனைக் கண்டதும் குற்றவாளியென எழுதிவிடாது, அவனுக்கு முன் அவ்விடத்தே இருந்தவர் யாரென ஒருமுறை வினவுவோமாக.