கல்லூரி வாயிலிலே காவல் யார்?

மாலை ஐந்து மணி. ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையே, ஒரு கல்லூரியின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டு நிற்கிறதே ஒரு ரயில் நிலையம் - இந்து கல்லூரி நிலையம் - அங்கே மின்சார ரயில் வந்து நிற்கிறது. புத்தகப் பையோடு இளைஞர் கூட்டம் ஏறுகிறது. சோற்றுத் தூக்கோடு தொழிலாளர் கூட்டம் இறங்குகிறது. ஏறுகிறவன் மகன், இறங்குகிறவன் தகப்பன். தகப்பனின் வியர்வைதான் மகனின் பாடப் புத்தகம்!

அந்தக் காட்சியைக் கண்டு களித்தபடி சேக்காட்டுக்கு நடந்தோம். தேநீர்க் கடைப் பலகையிலே ஒரு பெரியவர். நீலச் சட்டை, தோளிலே சிவப்புக் கயிறு, மடியிலே தொப்பி. ஏதோ ஒரு கல்லூரியின் வாயிற்காவலர். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். சொன்னால், நாளைக்கு அவருக்கு வேலை இராது.

"எத்தனை மணி நேர வேலை ஐயா?" என்றோம்.

"பன்னிரண்டு மணி நேரம் தம்பி. மாத்த வர்றவன் வரலேன்னா இருபத்து நாலு."

"உள்ளே அடிதடி என்றால் என்ன செய்வீர்கள்?"

பெரியவர் சிரித்தார். "எனக்குச் சொல்லிக் குடுத்தது மூணே மூணு. கார் வந்தா கதவைத் திற. பெரியவங்க வந்தா சலாம் போடு. கலாட்டான்னா ஆபீசுக்குச் சொல்லு. நீயாப் போலீசுக்குப் போன் போடாதே, காலேஜ் பேரு கெட்டுடும். அவ்வளவுதான் தம்பி!"

கல்லூரியின் பெயர் கெட்டுவிடுமாம்! பிள்ளையின் மண்டை உடையலாம்; பெயர் உடையக் கூடாது! பெண்ணின் மானம் போகலாம். நிருவாகத்தின் மானம் போகக் கூடாது! இந்த ஒரு வாக்கியம் நம்மை இரவு முழுவதும் உறங்கவிடவில்லை.

கல்லூரியிலே காவல் என்றால் யார்? காக்கிச் சட்டையா? கம்பி வேலியா? கேமராவா? அல்லது தேநீருக்குக் கடன் சொல்லும் இந்தப் பெரியவரா?

காக்கிச் சட்டையை எடுத்துக்கொள்வோம். கல்லூரிக்கும் காக்கிக்கும் உள்ள உறவு நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. 1965 சனவரி 27 - இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிதம்பரத்திலே திரண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள்மீது துப்பாக்கி வெடித்தது. இராசேந்திரன் என்ற மாணவன் மண்ணிலே சாய்ந்தான். அவன் கையிலே இருந்தது ஆயுதமல்ல. அவன் நாவிலே இருந்தது தமிழ். ஆகவே, 'மாணவர் இருக்கும் இடத்திலே போலீசுக்கு என்ன வேலை?' என்று நம் முன்னோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி!

ஆனால் தோழர்களே, காலம் நம்மிடம் இன்னொரு கேள்வியையும் கேட்டது. 2008 நவம்பர் 12. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய டாக்டர் அம்பேத்கர் சட்டக் கல்லூரி. கட்டையும் கம்பியுமாக மாணவனை மாணவன் அடிக்கிறான். விழுந்தவனையும் அடிக்கிறான். தொலைக்காட்சிக் கேமரா பார்க்கிறது, நாடே பார்க்கிறது, வாயிலுக்கு அருகே நின்ற போலீசும் பார்க்கிறது! ஏன் உள்ளே போகவில்லை? கல்லூரி முதல்வர் அழைக்கவில்லையாம்!

அடித்தவன் வாயிலும் தமிழ். அடிபட்டவன் வாயிலும் தமிழ். நடுவிலே வந்து நின்றது சாதி! சட்டம் படிக்கும் கூடத்திலே சாதி தடியெடுத்து ஆடியது; சட்டத்தைக் காக்க வேண்டிய காவல்துறை வாயிலிலே கைகட்டி நின்றது. அப்போது நடந்தது நம் கழக ஆட்சி. அதை மறைக்க மாட்டோம். அதிகாரிகள்மீது நடவடிக்கை வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சண்முகம் தலைமையிலே விசாரணை ஆணையம் வந்தது. 2018-இல் அந்தக் கல்லூரியே நகரைவிட்டுப் பெயர்ந்து, ஒரு பகுதி புதுப்பாக்கத்துக்கும், மற்றொரு பகுதி நம் ரயில் பாதைப் பக்கமாகவே, திருவள்ளூரைத் தாண்டிப் பட்டரைப்பெரும்புதூருக்கும் போயிற்று. கட்டடம் இடம் மாறியது. ஆனால், 'முதல்வர் அழைத்தால்தான் போலீசு வரலாம்' என்ற மூடநம்பிக்கை இடம் மாறியதா?

மூடநம்பிக்கை என்றுதான் சொல்கிறோம். கோவிலிலே மட்டுமா மூடநம்பிக்கை? கொலை விழும் வேளையிலே காவலர் கல்லூரிக்குள் நுழையக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குற்றம் நடப்பதைத் தடுக்கத் தலையிடும் கடமையைச் சட்டமே காவலருக்குத் தருகிறது. உரிமைக் குரல் எழும்போது அழையாமலே வருவது. உயிர் போகும்போது அழைப்பிதழுக்குக் காத்திருப்பது - இது என்ன காவல்?

மூன்றாவது காட்சி நமக்கு மிக அண்மையது. 2024 டிசம்பர் 23 இரவு, கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெளியாள் ஒருவன் புகுந்து ஒரு மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்தான். மதில் இருந்தது, வாயில் இருந்தது, காவலர் இருந்தனர். என்ன பயன்? அந்தப் பெண் அஞ்சாமல் புகார் தந்தாள். குற்றவாளி பிடிபட்டான். ஆனால் அவள் விவரம் அடங்கிய முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது! காக்க வேண்டிய காகிதமே காட்டிக்கொடுத்தது! உயர்நீதிமன்றம் தலையிட்டு, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2025 சூன் 2-இல் மகளிர் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பில்லாமல் சிறையிலே கிடக்க வேண்டும். எந்தக் கொடியின் நிழலிலே நின்றவனாயினும் குற்றவாளி குற்றவாளிதான். அந்த நிழல் அவனைக் காக்கக் கூடாது. கொடியும் அவனால் கறைபடக் கூடாது.

மேல்நாட்டிலே என்ன செய்தார்கள்? அமெரிக்காவிலே யேல் பல்கலைக்கழகம் 1894-லேயே இரண்டு போலீசாரைத் தனக்கென அமர்த்திக்கொண்டது. இன்று அங்கே பல பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தப் போலீசு உண்டு. இடுப்பிலே துப்பாக்கியும் உண்டு. அதனால் அமைதி பூத்துவிட்டதா? 2007-இல் வர்சீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலே ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கும் வளாகப் போலீசு இருந்தது. துப்பாக்கியைக் காட்டிப் படிப்பைக் காக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே அமெரிக்காவிலே கற்றுக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டு. 1986-இல் சீன் கிளரி என்ற 19 வயது மாணவி கல்லூரி விடுதி அறையிலேயே கொல்லப்பட்டாள். அவளுடைய பெற்றோர் அழுதுவிட்டு அடங்கவில்லை. போராடினர். 1990-இல் சட்டம் பிறந்தது. வளாகத்திலே என்னென்ன குற்றங்கள் நடந்தன என்று ஆண்டுதோறும் கணக்கைக் கல்லூரி வெளியிட வேண்டும். வளாகப் போலீசின் அன்றாடக் குற்றப் பதிவேடு யார் கேட்டாலும் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஆபத்து நெருங்கினால் மாணவர்க்கு உடனே எச்சரிக்கை தர வேண்டும். தோழர்களே, 'பேரு கெட்டுடும்' என்றாரே பெரியவர், அந்த நோய்க்கு இதுதான் மருந்து! மறைத்தால் பெயர் நிற்கும் என்ற நிலையை மாற்றி, மறைத்தால்தான் பெயர் கெடும் என்று ஆக்கிவிட்டார்கள்.

நம் நாட்டிலும் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1996-இல் நாவரசு என்ற மருத்துவ மாணவர் பகடிவதைக் கொடுமையிலே கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் இந்தியாவுக்கே வழிகாட்டியாகத் தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் கண்டது. பெண்களுக்கெதிரான பாலியல் தொல்லையை விசாரிக்க உட்புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். 'இது எங்கள் எல்லை அல்ல' என்று எந்தக் காவல் நிலையமும் புகாரைத் தள்ள முடியாதபடி 2024 சூலை முதல் புதிய நடைமுறைச் சட்டம் வந்துவிட்டது. வாயிலிலே கல்லூரி எல்லை, சாலையிலே ஆவடி ஆணையரக எல்லை, நடைமேடையிலே ரயில்வே போலீசு எல்லை என்று பந்து உருட்ட இனி இடமில்லை. 2024 அக்டோபரிலே சென்னை சென்ட்ரல் நிலையத்திலே மாணவர் மோதலில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் அடிபட்டு மாண்டாரே, அந்தச் சாவு எந்த எல்லையிலே சேரும்? நம் எல்லார் வீட்டு எல்லையிலும் சேரும்!

ஏட்டிலே சட்டம் இருக்கிறது. வாயிலிலே நிற்பவருக்கு அதைச் சொன்னவர் யார்? தனியார் பாதுகாப்பு முகவாண்மைகளுக்கென 2005-இல் சட்டம் வந்தது. அதன்கீழ் மைய அரசு வகுத்த மாதிரி விதிகளின்படி, காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும். "பயிற்சி எத்தனை நாள் ஐயா?" என்று நம் பெரியவரைக் கேட்டோம். "சட்டை அளவு எடுத்த அன்னிக்கு அரை நாள்" என்றார்!

அம்பத்தூரிலே கடைசல் பட்டறையிலே இருபது ஆண்டு உழைத்தவர் அவர். பட்டறை மூடியது, ஒப்பந்தக்காரன் சட்டை மாட்டினான். கல்லூரி அவரைத் தன் தொழிலாளி என்று ஏற்பதில்லை. ஒப்பந்தக்காரன் அவரை மனிதன் என்றே ஏற்பதில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கியவரிடம், 'பெண்களைக் காப்பாற்று' என்றால் எப்படிக் காப்பாற்றுவார்? காவலனைப் பட்டினி போட்டுவிட்டுக் காவல் எங்கே என்று தேடுகிறோம்!

இன்னொரு கூட்டம் உண்டு. ஏதேனும் நடந்துவிட்டால், 'பெண்ணுக்கு ஆறு மணிக்கு மேல் வெளியிலே என்ன வேலை?' என்று கேட்கும் கூட்டம். திருடன் வருகிறான் என்றால் திருடனைப் பிடிப்பார்களா, வீட்டுக்காரனைப் பூட்டி வைப்பார்களா? அடுப்படியிலிருந்து பெண்ணை விடுவித்த இயக்கம் இது. விடுதிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுப் பெண்ணைக் காப்பதாகச் சொல்வதை ஒரு நாளும் ஒப்பமாட்டோம். 2022-இல் கோவை மாநகரக் காவல்துறை 'போலீஸ் அக்கா' என்று பெண் காவலர்களைக் கல்லூரிகளுக்கு அனுப்பியதே, அதிலே ஒரு வழி தெரிகிறது. தடியோடு வரும் அதிகாரியாக அல்ல. தங்கை தன் துயரைச் சொல்லும் அக்காவாக!

ஆகவே நாம் கேட்பது இவைதான். வாயிற்காவலருக்கு எட்டு மணி நேர வேலை, உரிய ஊதியம், ஈ.எஸ்.ஐ., சேமநல நிதி, முழுப் பயிற்சி. ஆபத்து என்றால் எவர் அனுமதியுமின்றி 112-ஐ அழைக்கும் உரிமை - அது எழுத்திலே! உட்புகார்க் குழுவினர் பெயரும் மகளிர் உதவி எண் 181-உம் வாயிற்பலகையிலே. ஆண்டுதோறும் குற்றக் கணக்கு வெளிச்சத்திலே. ஆனால் புகார் தந்த பெண்ணின் பெயர் என்றும் மறைவிலே.

கழகத் தோழனே! உன் ஊர்க் கல்லூரி வாயிலுக்கு நாளைக்கே போ. நிற்கிறவரிடம், 'போலீசை அழைக்க உங்களுக்கு உரிமை உண்டா?' என்று கேள். 'இல்லை' என்றால், நிருவாகத்தின் கதவைத் தட்டு. 

விடைபெறும்போது பெரியவர் சொன்னார்: "என் பொண்ணும் காலேஜ்லதான் தம்பி படிக்குது. அந்த வாசல்ல எவன் நிக்கிறானோ, அவனை நம்பித்தான் இந்த வாசல்ல நான் நிக்கிறேன்."

அந்த நம்பிக்கைக்குக் காவல் யார்? நாம்தான்!