வெள்ளாட்டின் முதுகில் எவ்வளவு ஏற்றலாம்?

செஞ்சிக் கோட்டைக்குச் சென்றிருக்கிறீர்களா? ராஜகிரியின் உச்சி சுமார் 240 மீட்டர் உயரம். கட்டுச்சோற்று மூட்டையுடன் படியேறும் நாம் பாதி வழியிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுகிறோம். பக்கத்தில் படியே இல்லாத பாறையில் ஒரு வெள்ளாடு தாவி ஏறித் தழை கடிக்கிறது. 'நம் மூட்டையை இதன் முதுகில் ஏற்றினால் என்ன?' என்று தோன்றுகிறதல்லவா?

இது புதிய எண்ணமன்று. இமயத்தின் குமாவூன் பகுதியில் போட்டியா வணிகர்கள் ஆடுகளின் மேல் தானியம் ஏற்றித் திபெத்துக்குச் சென்று, உப்புடன் திரும்பினர். 1962-ஆம் ஆண்டுப் போரை ஒட்டி அவ்வணிகம் நின்றது. அமெரிக்காவின் ராக்கி மலைகளில் வேட்டைக்குச் செல்வோர் இன்றும் கூடாரத்தையும் இறைச்சியையும் ஆடுகளின் மேல் ஏற்றுகின்றனர். (நம் நாட்டில் வனவிலங்கு வேட்டையை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.)

ஆடு வழுக்காமல் ஏறுவது எப்படி? அதன் குளம்பு இரண்டாகப் பிளந்தது. ஓரம் கடினமானது, அது பாறை இடுக்கில் பதியும். உள்பகுதி மெத்தென்றது; அது பாறையோடு ஒட்டி உராய்வைத் தரும். பிளவு விரிவதால் மேடுபள்ளத்துக்கு ஏற்பக் கால் பொருந்துகிறது.

சுமையை இரு பைகளாக்கி இரு விலாவிலும் தொங்கவிடுவார்கள். இரண்டும் ஒரே எடையாக இருக்க வேண்டும்; இல்லையேல் கனமான பக்கம் ஆட்டைச் சாய்க்கும். பைகள் தாழ்வாகத் தொங்கினால் ஈர்ப்பு மையமும் தாழ்ந்திருக்கும். ஆடு எளிதில் கவிழாது.

இனி, எவ்வளவு ஏற்றலாம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆட்டின் எடை 32 கிலோ, சுமை 8 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 40 கிலோவை 240 மீட்டர் உயர்த்தச் செய்யும் வேலை 40 × 9.8 × 240, அதாவது ஏறக்குறைய 94 கிலோ ஜூல். ஆனால் தசைகள் செலவிடும் ஆற்றலில் சுமார் கால் பங்குதான் வேலையாகிறது. மீதி முக்கால் பங்கு, அதாவது 282 கிலோ ஜூல், வெப்பமாகிறது.

ஒரு கிலோ உடலை 1 டிகிரி சூடாக்கச் சுமார் 3.5 கிலோ ஜூல் வேண்டும். ஆகவே அவ்வெப்பம் முழுவதும் உடலிலேயே தங்கினால் ஆட்டின் வெப்பநிலை சுமார் 2.5 டிகிரி உயரும். ஆட்டின் இயல்பான உடல்வெப்பமே ஏறக்குறைய 39 டிகிரி. அது 41.5 ஆனால் ஆபத்து!

இமயத்தில் குளிர்காற்று இவ்வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். செஞ்சியின் சித்திரை வெயிலில் பாறையே கொதிக்கிறது. ஆடு பெரும்பாலும் இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு முதுகையும் பை மூடிவிடும்.

'வெறும் முதுகோடு ஏறும் ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே?' என்று கேட்பீர்கள். அதற்கும் இதே கணக்கில் 2 டிகிரி உயர வேண்டியதுதான். ஆனால் அந்த ஆடு பத்தடி ஏறும், நின்று தழை கடிக்கும், நிழலில் படுக்கும். உண்டான சூடு அவ்வப்போது வெளியேறிவிடுகிறது. சுமையேற்றி நாம் ஓட்டும் ஆட்டுக்கு அந்த உரிமை இல்லை. நம் வேகமே அதன் வேகம்.

ஆகவே ஆட்டின் எடையில் கால் பங்குக்கு மேல் ஏற்றுவது கூடாது என்பதோடு விதி முடிவதில்லை. விடியற்காலையில் புறப்படுங்கள், ஆடு நின்றால் நீங்களும் நில்லுங்கள். நண்பகலில் மூட்டையை நீங்களே சுமவுங்கள்!